பழவேற்காட்டு மாலுமி வீட்டில் காற்று பார்க்கப் போனது

அரிசி அப்பளமா, உளுந்து அப்பளமா என்ற கேள்விக்கு, ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில், உளுந்து என்று நான் முடிவெடுத்தேன். அதற்கு மூன்று நாள் பிடித்தது. வீட்டுப் பெரியவர்கள் கூடத்தில் கூடினார்கள். சின்னம்மா அரிசியின் பக்கம் நின்று கடைசிவரை வாதாடினாள். ஆனால் ஈரக்காற்று பட்டால் உளுந்து அப்பளம் துவளுவது போல உலகத்தில் வேறெதுவும் அவ்வளவு ஒளிவுமறைவின்றித் துவளுவதில்லை என்று நான் எடுத்துச் சொன்னபோது சபை அடங்கிவிட்டது. இதைவிடக் குறைந்த ஆலோசனையில் ராஜ்யங்கள் கைமாறியிருக்கின்றன. ஒன்றிரண்டு கைமாறியதைப் பிற்பாடு நானே பார்த்தேன்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. இப்போது அங்கே கொடியும் இல்லை, கோட்டையில் பாதியும் இல்லை. ஆனாலும் போக விரும்புகிறவர்கள் என்னிடம் வழி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இதை எழுதி வைக்கிறேன்.

நான் போனதற்குக் காரணம் என் பெரியப்பா. சென்னப்பட்டினத்தில் துணி வியாபாரம். பழவேற்காட்டில் நெய்து சாயமிட்ட கட்டம் போட்ட லேஞ்சிகளை வாங்கி, கீழ்க்கடல் தீவுகளுக்குக் கப்பலேற்றுவார். லேஞ்சி என்றால் தலையிலோ தோளிலோ போட்டுக்கொள்ளும் சதுரத் துணி. ஐப்பசி முதல் மார்கழிவரை இந்தக் கரையில் கப்பல் நிற்காது. அதுவரை சரக்கை அங்கேயே ஒரு கிடங்கில் அடுக்கி வைக்க வேண்டும். முந்திய வருஷம் வைத்த கிடங்கில் பூஞ்சை பிடித்து, சிவப்புக் கட்டங்களுக்கு நடுவே பச்சைக் கட்டங்களும் தோன்றிவிட்டன. தீவுக்காரர்கள் அதை நம்மூர்க் கைத்திறன் என்று ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். ஆகவே இந்த வருஷம் கிடங்கு பிடிப்பதற்கு முன்னால், உள்ளே இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சிறுவயதில் ஒருமுறை நான் பூசை அறையில் நுழைந்து, "இங்கே ஏதோ ஊசல் நாற்றம்" என்று சொன்னேனாம். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் காற்று சம்பந்தப்பட்ட விஷயங்கள் எல்லாம் என் பொறுப்பு.

கிடங்கின் காற்றைப் பார்க்க நான் வகுத்துக்கொண்ட முறை மூன்று அங்கங்கள் கொண்டது. ஒன்று, மூக்கு. இரண்டு, விளக்கு. கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே ஓர் அகலை ஏற்றி வைத்தால், காற்று முடங்கிய அறையில் சுடர் சோர்ந்து எரியும். மூன்று, அப்பளம். நூலில் கோத்து அறை நடுவில் தொங்கவிட்டு, மறுநாள் உச்சிப்பொழுதில் ஒடித்துப் பார்க்க வேண்டும். டக்கென்று ஒடிந்தால் துணியை வைக்கலாம். வளைந்தால் வைக்கக் கூடாது. இந்த முறையை இதற்கு முன் யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய கருவி என்பதால் எழுதுமளவுக்கு யாரிடமும் மிஞ்சியிராது.

சென்னப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய மூன்று காதம். விடிய ஐந்து நாழிகை இருக்கையில் கிளம்பினேன். எண்ணூர்வரை இரட்டைமாட்டு வண்டிக்கு இரண்டு பணம். வண்டிக்காரன் திருவொற்றியூர் கோபுரம் தெரியும்வரை பேசவில்லை. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டான்.

"இன்னா வேலையா போறீங்க சாமி?"

"காற்று பார்க்கப் போகிறேன்."

அவன் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தான். துண்டு பறந்துவிடாமல் தலையில் இறுக்கிக்கொண்டான். "இங்கியே நல்லாத்தானே அடிக்குது" என்றான்.

"வீட்டுக்குள் இருக்கும் காற்று."

"அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம்? ஒங்க வூட்ல இல்லியா?"

இதற்கு நான் சொன்ன பதிலை அவன் எண்ணூர்வரை மாடுகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

எண்ணூர் முகத்துவாரத்தில் தோணிக்கு ஒரு துட்டு. மாடு, மூட்டை இருந்தால் இரண்டு. அதற்கப்பால் வண்டி போகாது, மணல். மூட்டையைப் பொதிமாட்டில் ஏற்றிவிட்டு (ஒரு பணம்) காட்டுப்பள்ளி வழியாக நடந்தேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் உப்பங்கழி, நடுவில் பனை, தாழை, முந்திரி. இந்த வழியில் செருப்பு அணிவதும் அணியாததும் ஒன்றே. அணிந்தால் செருப்புக்குள் மணல் சுடும், அணியாவிட்டால் வெளியே சுடும். மாலை மங்குவதற்குள் ஏரியும், அதன் கரையில் கோட்டையும் தெரிந்தன. ஏரியில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. கோட்டைமேல் காவற்காரனும் அப்படித்தான் நின்றான். அந்தச் சாயங்காலத்து நிறத்தை நான் பிறகு பல ஊர்களில் தேடியிருக்கிறேன். மற்ற ஊர்களில் தண்ணீர் இருந்தால் வெளிச்சம் இல்லை, இரண்டும் இருந்தால் பறவை இல்லை.

பார்க்க வேண்டிய கட்டடங்கள் மூன்று. முதலாவது, மரைக்காயர் ஒருவருடைய கிடங்கு. தடித்த சுவர், உயரமான கூரை, மூக்குக்கு எந்தக் குறையும் இல்லை. விளக்கும் நன்றாக எரிந்தது. ஆனால் மறுநாள் போனபோது நூல் மட்டும் தொங்கியது. புதிய அப்பளம் கட்டினேன். அதுவும் போயிற்று.

"தம்பி, நம்ம எலிக்கு உளுந்துன்னா ரொம்பப் பிரியம்" என்றார் மரைக்காயர். தம்முடைய எலியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அரிசி அப்பளம் கொண்டு வந்திருக்கலாமே?"

சின்னம்மாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கிடங்கின் காற்று எப்படி என்று தெரியவில்லை, துணிக்கு என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது, கோட்டை மதிலை ஒட்டிய பழைய கிடங்கு. அங்கே அப்பளம் முழுக்க ஒடியவும் இல்லை, முழுக்க வளையவும் இல்லை. சர்க்கார் ஊழியர் போல நடுவில் நின்றது.

மூன்றாவதுதான் மாலுமி வீடு. கோட்டைக்குப்பத்தில், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம். ஒல்லாந்துக் கப்பலில் மாலுமியாக இருந்த ஒருவர் கட்டியது. நம்மூர் இரவுக்காற்று உடம்புக்கு ஆகாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சன்னல்களைச் சின்னதாக வைத்து, இரட்டைக் கதவு போட்டு, அவற்றையும் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து புகையிலை குடித்தார். நல்ல காற்று அவரைத் தொடவே இல்லை. இப்போது கோட்டைக்கு எதிரே, எலும்புக்கூடு செதுக்கிய வாசல் கொண்ட கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே காற்று நன்றாக வருகிறது.

அவருக்குப் பின் வீட்டை ஏலத்தில் எடுத்தவர் ரங்கையச் செட்டி என்ற தரகர். சாவியைக் கொடுக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்: "வீட்ல ஒரு மீனவக் குடும்பம் இருக்குது. வெளக்கேத்தி, பெருக்கிப் பாத்துக்கினு இருக்காங்க. ஒங்க பெரியப்பாவுக்கு வீடு புடிச்சுதுன்னா புரட்டாசி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுவாங்க. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு மட்டும் சொல்ல வாணாம். பொம்பளைங்க அழுவாங்க, எனக்குத் தாங்காது. விருந்தாளின்னு சொல்லுங்க."

செட்டியார் மென்மையான மனிதர். பிறர் அழுவதைப் பார்க்கமாட்டார், தூரத்தில் அழுதால் ஆட்சேபிக்கவும் மாட்டார்.

வீட்டில் மூன்று பேர். தேசப்பன், ஏரியிலும் கடலிலும் வலை போடுகிறவர். அவர் மனைவி எல்லம்மா, அந்த மீனைக் கருவாடு போடுகிறவள். மகள் கன்னியம்மா, தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பேறுகாலம் ஐப்பசியில். அவர்களுடைய சொந்தக் குடிசையை இரண்டு மழைக்கு முன்னால் காற்று கொண்டுபோயிருந்தது. ஐப்பசி மழையில் பிள்ளை பெறுகிறவளுக்குத் தலைக்குமேல் செங்கல் கூரை இருக்கிறது என்பதை எல்லம்மா முதல் நாளே இரண்டு தடவை சொன்னாள். நான் கேட்காமலேயே.

எனக்கு ஒப்படைத்த வேலை காற்றைப் பார்ப்பது. கூரையின் கீழே யார் இருக்கிறார்கள் என்பது என் மூன்று அங்கங்களில் எதிலும் வரவில்லை. ஆகவே மாலையில் மூன்று அறையிலும் அப்பளங்களைக் கட்டித் தொங்கவிட்டேன். எல்லம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இது இன்னா சாமி, தோரணமா?"

"எங்கள் பக்கத்து வழக்கம்" என்றேன். செட்டியாருக்குக் கொடுத்த வாக்கு.

"அய்ய, தொங்கவுட்டா துன்னுவாங்க?" என்று மகளிடம் கேட்டாள். "மீனு துன்னாத மனுசங்க இல்லியாம்மா, அவங்களுக்கு எதுனா ஒரு வழக்கம் வோணும்ல" என்றாள் கன்னியம்மா.

நான் சைவம் என்பது அந்த வீட்டுக்குப் பெரிய துக்கமாகிவிட்டது. கொல்லை ஓரத்தில் நானே சோறு பொங்கிப் புளிக்குழம்பு வைத்துக்கொண்டேன். சாப்பிடுவதைத் தூரத்திலிருந்து மூவரும் பார்ப்பார்கள், நோயாளியைப் பார்ப்பது போல. "பாவம், அந்த அப்பளத்த வுட்டா இன்னா கீது அவருக்கு" என்று எல்லம்மா சொன்னது காதில் விழுந்தது. அதை அப்போது நான் வெறும் அனுதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரவு நான் மொட்டை மாடியில் படுத்தேன். காற்றைச் சோதிக்கிறவன் அந்த அறையிலேயே மூச்சுவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பது காரணம். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்பதும் உண்மை, ஆனால் அது காரணம் அல்ல. காலையில் ஏரிக்கரைக்குப் போய்க் குளித்து, கோட்டை வாசலில் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு உச்சிப்பொழுதில் திரும்புவேன். வீட்டுக்கு முன்னால் மணலில் பாய்களை விரித்துக் கருவாடு காயவைத்திருப்பாள் எல்லம்மா. அந்த இடத்தைக் கடக்கும்போது மேல்துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணையும் பாதி மூடிக்கொண்டு ஓடிவிடுவேன். காற்று பார்க்க வந்தவன் செய்யக்கூடிய காரியமா என்று கேட்கலாம். நான் பார்க்க வந்தது உட்காற்று.

முதல் நாள் மூன்று அப்பளமும் டக்கென்று ஒடிந்தன. இரண்டாம் நாளும் ஒடிந்தன. சென்னப்பட்டினத்தில் எங்கள் சமையலறையில்கூட அப்படி ஒடிந்ததில்லை. கடலிலிருந்து கல்லெறி தூரம், ஏரியிலிருந்து அதைவிடக் குறைவு, சுவரில் கைவைத்தால் கை குளிர்கிறது. ஆனால் அப்பளம் சித்திரை வெயிலில் காய்ந்தது போல. நடு அறை அப்பளத்தில் மட்டும் இலேசாக நெத்திலி வாசனை இருந்தது. கடற்காற்று சுவருக்குள் ஊடுருவும் விதம் பற்றி எனக்கு அப்போது ஒரு கருத்து உருவாயிற்று. நீளமான கருத்து. இங்கே எழுதவில்லை.

சாயங்காலங்களில் தேசப்பன் வலை பழுது பார்த்துக்கொண்டே பேசுவார். கன்னியம்மா எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

"நைனா, புள்ள பொறந்தா இன்னா பேரு வெப்பே?"

"பையனா பொறந்தா என் பேரு. பொண்ணா பொறந்தா ஒங்கம்மா பேரு வாணாம், ஊருக்கு ஒண்ணு போதும்."

"கேட்டுக்கினுதான் கீறேன்" என்று உள்ளேயிருந்து எல்லம்மா குரல் வரும்.

"கேக்கணும்னுதானே சொல்றேன்."

பிரசவத்துக்கு மேற்குப் பக்கத்து அறை என்று முடிவாகியிருந்தது. கிழக்கேயிருந்து கொண்டல் காற்று அடித்தால் அந்த அறையில் சாரல் விழாதாம். அங்கே ஒரு தூளிக்கயிறுகூடக் கட்டியாகிவிட்டது. என்னுடைய அப்பளத்தை நான் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் தொங்கவிட்டிருந்தேன். மூன்றாம் நாள் அதைக் கட்டும்போது, நாளைக்கு இது கொஞ்சம் துவண்டால் தேவலை என்று மனத்தில் ஓர் எண்ணம் வந்தது. ஆராய்ச்சிக்கு இது அழகல்ல. அப்பளம் என் எண்ணத்தைப் பொருட்படுத்தாமல் மறுநாளும் ஒடிந்தது. பெரியப்பாவுக்குச் செய்தி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இதைவிட உலர்ந்த வீடு இந்தக் கரையிலேயே இல்லை. இன்னொரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் இலேசாகத் தூறியது. பாயைச் சுருட்டிக்கொண்டு வழக்கத்துக்கு முன்னால் கீழே இறங்கினேன். எல்லம்மா நடு அறையில் நின்று நூலிலிருந்து அப்பளத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

"என்ன செய்கிறாய் எல்லம்மா?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. "பாத்தா தெரியல? தொளதொளனு பூட்ச்சு சாமி ஒங்க அப்பளம். காய வெக்கறேன்."

"எங்கே?"

"வெளிய, பாய்லதான். நெத்திலிக்குப் பக்கத்துல ஓரமா. மேல படாம தள்ளித்தான் வெக்கறேன், நீங்க துன்ற பண்டம்னு எனக்குத் தெரியாதா?"

"எத்தனை நாளாக?"

"நீங்க வந்ததிலேர்ந்துதான். காலீல பாத்தா வெத்தல மாரி கெடக்குது. நீங்க வர்றதுக்குள்ள ஒரு வெயிலு காட்டி மறுபடியும் கட்டிடுவேன். கட்றது எனக்கு மனசே வரல. ஆனா ஒங்க பக்கத்து வழக்கம்னீங்களே."

நான் அவள் மடியிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்தேன். அதை நாலாக மடிக்க முடிந்தது. லேஞ்சியை மடிப்பது போலவே.

கருவாடு போடுகிற கைக்கு ஈரம் பட்ட பண்டம் கண்ணில் பட்டால் போதும் போலிருக்கிறது. கையே எடுத்து வெயிலில் வைத்துவிடுகிறது. பிறகு, செட்டியாருடைய மென்மையான மனதை மன்னித்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன். அப்பளம் ஒடிந்தால் வீட்டுக் காற்று நல்லது, காற்று நல்லதென்றால் துணி உள்ளே வரும், துணி உள்ளே வந்தால் புரட்டாசிக்குள் நீங்கள் வெளியே போக வேண்டும்.

எல்லம்மா மடியைக் கீழே விட்டாள். அப்பளங்கள் சத்தமில்லாமல் விழுந்தன. அந்த ஈரத்தில் சத்தம் எப்படி வரும்?

முதலில் பேசியது கன்னியம்மா. கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "அப்போ, இந்த வூட்டவுட்டு நம்மளத் தொரத்தறதுக்கு எங்கம்மாவே நாலு நாளா வெயில்ல நின்னு வேல செஞ்சிக்கினு இருந்துதா?"

தேசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஏண்டி, ஒன் கைய வெச்சிக்கினு சும்மா கீறமாட்டியா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு?"

"சும்மா கீற கைய கட்டிக்கினு வர்றதுன்னா கோமுட்டிச் செட்டி வூட்ல பொண்ணு எடுத்திருக்கணும்." சொல்லிவிட்டுத்தான் எல்லம்மாவுக்கு அழுகை வந்தது. செட்டியார் சொன்னது சரி, தாங்கத்தான் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "செய்தி சொல்லி அனுப்பிட்டீங்களா சாமி?"

"இல்லை."

"அப்போ இன்னொரு தபா தொங்கவுடுங்க."

"தொங்கவிடத்தான் போகிறேன்."

தேசப்பன் தொண்டையைக் கனைத்தார். "கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கட்டுமா? பேஜார் இல்லாம பூடும்."

"வேண்டாம். காற்றை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்."

அன்று மாலை புதிய உளுந்து அப்பளங்கள் மூன்றைக் கட்டினேன். எல்லம்மா அவற்றை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இங்க படுக்கமாட்டேன்" என்றாள். "விடிஞ்சா என் கை போவும். எனக்கே தெரியாம போவும்." பாயைச் சுருட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளி இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பண்டம் ஈரத்தில் கெடுவதைத் தடுக்காமல் இருப்பதற்காக அவள் வீட்டைவிட்டு வெளியேறியது அதுதான் முதல் தடவை என்றார் தேசப்பன்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குக் காத்திருக்கவில்லை. பொழுது ஏறியதும் எல்லோரும் கூடிவிட்டோம். எல்லம்மா வாசலுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றாள். நான் நடு அறை அப்பளத்தை எடுத்து ஒடிக்கப் பார்த்தேன். வளைந்தது. சுருட்டினேன், சுருண்டது. கன்னியம்மா வாங்கித் தன் மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றிக் காட்டினாள்.

"ஈரம் கீதா?" வாசலிலிருந்து குரல்.

"கீதும்மா! நல்லா ஈரம் கீது!"

"மேக்கால ரூம்புல?"

"அங்க இன்னும் சோக்கா கீது!"

தேசப்பன் சுவரைத் தட்டிக்கொடுத்தார், பரிசு வாங்கிய மாட்டைத் தட்டுவது போல. ஒரு வீட்டின் காற்று கெட்டது என்பதற்காக ஒரு குடும்பமே கைகொட்டிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்று அவர்கள் வீட்டில் கொடுவா மீன் குழம்பு. எனக்காக எல்லம்மா பக்கத்துக் கிராமத்திலிருந்து கத்தரிக்காய் வாங்கிவரச் செய்து, கையில் படாமல் முறத்தில் வைத்து நீட்டினாள். "இதுல ஈரம் கீது சாமி, நான் ஒண்ணும் செய்யல" என்றாள்.

பகலில் ரங்கையச் செட்டி வந்தார். அப்பளத்தைக் கையில் வாங்கி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்ப, வாடகைக்கு ஆகாதுன்றீங்க?"

"துணிக்கு ஆகாது."

"மிளகுக்கு?"

"மிளகு முளைவிடும்."

"வேற எதுக்குத்தான் ஆகும்?"

"மனுஷர் குடியிருக்கலாம்."

செட்டியார் மேலே பார்த்தார். நாலு பேர் தோள்கொடுத்தாலும் அசையாத தேக்கு உத்திரங்களாக மாலுமி போட்டிருந்தார். "மனுஷருங்க இருக்கத்தான் இருக்காங்க" என்றார். "வாடகைதான் வரமாட்டேங்குது." வெற்றிலை கொடுத்து, நல்லபடியாக விடைகொடுத்தார்.

திரும்பும்போது எல்லம்மா ஒரு சின்ன ஓலைப்பெட்டியைத் தந்தாள். உள்ளே மிச்சமிருந்த என் அப்பளங்கள், கடைசியாக ஒருமுறை வெயில் காட்டியவை. ஏரிக்கரைவரை மூவரும் வந்தார்கள். கன்னியம்மா மூச்சு வாங்கியதால் கரையில் கிடந்த ஒரு தோணியில் உட்கார்ந்துகொண்டாள். நான் காட்டுப்பள்ளி வழியில் திரும்பிப் பார்த்தபோது கோட்டையும் கொடியும், அதற்குப் பக்கத்தில் மூன்று ஆட்களும் தெரிந்தார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கண்ணை மூடினால் எனக்கு வருகிற பழவேற்காடு அதுதான். நெத்திலி வாசனையோடு வருகிறது. அதற்கு இப்போது நான் மூக்கை மூடிக்கொள்வதில்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. ஆடி முதல் ஆவணி முடிய வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் போகலாம். தை, மாசி இன்னும் உத்தமம், பறவைகளும் நிறைய. ஐப்பசியில் போகாதீர்கள், முகத்துவாரம் உடைத்துக்கொண்டால் நாலைந்து நாள் அக்கரையில் உட்கார வேண்டும். எண்ணூர்த் தோணிக்காரர்கள் இப்போது முன்னைவிட இரண்டு மடங்கு கேட்கிறார்கள், பேசினால் ஒன்றரையில் நிற்பார்கள். குடிதண்ணீர் பழவேற்காட்டுக்குள் கிணற்றில் எடுத்துக்கொள்ளுங்கள், குப்பத்துப் பக்கம் உவர்ப்பு. கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைக் காலையில் பாருங்கள், சாயந்தரம் நிழல் விழுந்தால் குழந்தைகள் பயப்படும். தங்குவதற்கு வீடு எடுத்தால் சுவரில் கைவைத்துப் பார்த்து, சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கவனித்து, ஓர் அகலை ஏற்றிப் பாருங்கள். அப்பளமும் தொங்கவிடலாம். ஆனால் அது எதற்கென்று அந்த வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக் காற்று என்பது சுவரும் சன்னலும் மட்டும் அல்ல. உள்ளே இருக்கிறவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்பதும் அதில் சேர்த்திதான். இதை நூல்களில் யாரும் எழுதவில்லை, நானும் நாலு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா அந்த வருஷம் கோட்டை மதிலை ஒட்டிய கிடங்கைப் பிடித்தார். சரக்கு ஒருவாறு தப்பியது. வாடகைக்குப் போகாத வீடு என்று உறுதியானபின், ரங்கையச் செட்டி புரட்டாசிப் பிற்பாதியில் ஆட்களை வைத்து மாலுமி வீட்டின் தேக்கு உத்திரங்களையும் கதவு, சன்னல்களையும் கழற்றி விற்றார். கன்னியம்மாவுக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது, கோட்டைக்குப்பத்தில், அவள் சித்தி வீட்டுக்குப் பின்னால் போட்ட ஓலைச் சார்ப்பில்.